கான்ஃபரன்ஸா, முகாமா, கூட்டு ஆய்வா? கேன்சர் ஆராய்ச்சியாளர்களை ஒன்றுசேர்க்கும் வழிகள்

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு இழுப்பறை இருக்கிறது. திறந்தால், கழுத்தில் மாட்டும் ஐடி கார்டுக் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்குப் பிடித்துக் கிடக்கும். பத்து வருஷத்து கான்ஃபரன்ஸ்களின் மிச்சம் அது. இவற்றில் எதிலிருந்து ஒரு கூட்டு வேலை பிறந்தது என்று ஒருநாள் கயிறு கயிறாகப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் தேறின.

எண்ணிப் பார்க்கக் காரணம் இருந்தது. மற்ற மருத்துவமனைகளின் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து வேலை செய்வதற்காக என்ற ஒரே நிபந்தனையோடு எங்களுக்கு ஒரு நன்கொடை வந்திருந்தது. எப்படிச் செலவழிப்பது என்று கூடிப் பேசினோம். அறுவை சிகிச்சைப் பிரிவுத் தலைவர், "நாமளே ஒரு நேஷனல் கான்ஃபரன்ஸ் நடத்திடலாம்" என்றார். இளையவர்கள் அமெரிக்காவில் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம் என்றார்கள். திசுக்களைச் சோதித்து நோயைச் சொல்லும் பெத்தாலஜி பிரிவின் மேடம் மட்டும், "சார், யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு ஃப்ரீசர் வாங்கிக் கொடுங்க. வர்றவங்க சாம்பிள் கேட்டா எதை எடுத்துக் காட்டறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வழிகளை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் குறிப்பைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத, ஆராய்ச்சிக்கு நேரம் மட்டும் கிடைக்காத நடுத்தர மருத்துவமனைகளில் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

வெளிநாட்டுப் பெரிய கூட்டம்

அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தை 1907-இல் தொடங்கியவர்கள் 11 பேர். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். இன்று அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வருகிறார்கள். ஆஸ்கோ என்று எல்லோரும் சொல்கிற இன்னொரு சங்கம் சிகாகோவில் நடத்தும் கூட்டத்துக்கு ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு.

அவரவர் ஆய்வைச் சுருக்கி அச்சிட்ட போஸ்டரை வைக்கும் ஹாலில் ஒருமுறை நின்று பார்த்தால்தான் அந்த அளவு புரியும். வரிசை வரிசையாகத் தட்டிகள். நம் தட்டியின் முன்னால் நாம் நிற்கவேண்டும். நடந்து வருகிறவர்களின் கண் முதலில் போஸ்டருக்குப் போகாது. நம் நெஞ்சில் தொங்கும் அட்டைக்குப் போகும். பெயர், நிறுவனம், ஊர். மூன்றும் தெரியாதவை என்றால் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆயிரக்கணக்கான போஸ்டர்களில் எதைப் படிப்பது? என் நண்பர் ஒருவருக்கு விசா கையில் வந்தது, கூட்டம் முடிந்த மறுநாள். அவருடைய போஸ்டரை வேறு யாரோ ஒட்டி, வேறு யாரோ கழற்றினார்கள். அவர் அங்கே போய் நின்றிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று இப்போது அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

ஆனால் பலனே இல்லை என்று சொல்லமாட்டேன். துறை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நான்கே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். எங்கள் மாணவி ஒருத்தி, தன் ஆய்வேட்டின் மையக் கேள்வியைத் தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனாள். அதே கேள்வியோடு பல போஸ்டர்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் ஒரு அத்தியாயத்தையே தூக்கிப் போட்டு வேறு எழுதினாள். மூன்று வருஷ உழைப்பு வீணாகாமல் தப்பித்தது.

இழுப்பறையில் தேறிய முதல் கயிறும் பெரிய கூட்டம் ஒன்றில் வாங்கியதுதான். அதற்குப் போனவர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஐந்து பேருக்கு மெயில் எழுதி, காபி நேரத்தில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கியிருந்தார். மூன்று பேர் பதில் போட்டார்கள், ஒருவர் இன்றுவரை தொடர்பில் இருக்கிறார். ஆகவே அனுப்புவதென்றால் ஒரே ஒருவரை, அதுவும் இளையவரை, மெயில் எழுத வைத்து அனுப்பவேண்டும். மூத்தவர்கள் மூவர் சேர்ந்து போனால் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

நாமே நடத்தும் கான்ஃபரன்ஸ்

இதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு. தொடக்க விழா ஒரு மணி நேரம் தாமதமாகும். அதைச் சரிக்கட்ட, தன் ஆய்வு முடிவைச் சொல்ல ஊரிலிருந்து ரயிலேறி வந்த பிஎச்டி மாணவருக்கு ஏழு நிமிடம் கொடுப்பார்கள், ஐந்தாவது நிமிடத்தில் மணி அடிப்பார்கள். ஆறு மாதம் இரண்டு நல்ல ஆராய்ச்சியாளர்கள் ஹால், சாப்பாடு, ஸ்பான்சர் என்று அலைந்திருப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் அவர்களுடைய ஆராய்ச்சி நின்று போயிருக்கும். இந்தச் செலவை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

புதிய சிகிச்சைமுறைகளை உள்ளூர் டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இது சரியான வடிவம்தான். வருகிறவர்களுக்குத் தொடர்கல்விக் கணக்கில் சேரும் கிரெடிட் அவர்ஸும் கிடைக்கும். கூட்டு ஆராய்ச்சி வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

முப்பது பேர், மூன்று நாள்

1931-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் நீல் கார்டன் முகாம் மாதிரி ஒரு சின்னக் கூட்டத்தைத் தொடங்கினார். கார்டன் ஆராய்ச்சி மாநாடுகள் என்று அது இன்று பல துறைகளுக்கும் பரவி, புற்றுநோய் உயிரியலிலும் நடக்கிறது. அதன் விதிகள் விசித்திரமானவை. படம் பிடிக்கக்கூடாது. அங்கே கேட்டதை வெளியே மேற்கோள் காட்டக்கூடாது. மதியம் முழுக்கச் சும்மா விட்டுவிடுவார்கள். பேச்சு காலையிலும் இரவிலும் மட்டும். எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி, ஒரே இடத்தில் சாப்பிடவேண்டும்.

முதலில் கேட்டபோது இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. யோசித்தால் காரணம் தெரிகிறது. அச்சில் வந்த முடிவுகளை யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அச்சில் வராதது, சரிவராமல் போனது, ஏன் என்று தெரியாமல் முழிப்பது, இவற்றில்தான் இன்னொருவருடைய உதவி தேவைப்படுகிறது. மேடையில் கேமரா இருக்கும்வரை அவற்றை ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். மதிய நடையில் சொல்வார்கள்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. நம் தேவைக்கு அதுதான் நெருக்கமானது என்று நினைக்கிறேன். சுவிட்சர்லாந்தின் ஃப்ளிம்ஸ் என்ற ஊரிலும் அமெரிக்காவின் வேல் (Vail) என்ற ஊரிலும் நடந்துவந்த பயிற்சிப் பட்டறைகள் அந்த வகை. இளம் புற்றுநோய் மருத்துவர்கள் ஒரு மருத்துவ ஆய்வுக்கான யோசனையோடு வருவார்கள். ஒரு வாரம் மூத்தவர்களும் புள்ளியியல் நிபுணர்களும் கூடவே உட்கார்ந்து அதை அக்கக்காகப் பிரித்துக் கேள்வி கேட்பார்கள். கிளம்பும்போது கையில் முழு ப்ரொட்டோகால், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்ற எழுத்துத் திட்டம், இருக்கும். இந்தியாவில் டாடா மெமோரியல் மையமும், புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான தேசிய புற்றுநோய் கிரிட்டும் இதே பாணியில் கிரெடோ என்ற பட்டறையை 2015-இல் தொடங்கின. என் இழுப்பறையில் தேறிய இரண்டாவது கயிறு இப்படிப்பட்ட ஒரு வாரத்தில் கிடைத்தது. அங்கே இரவு பதினொரு மணிக்கு ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் தேவை என்ற கணக்கைப் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் இன்று எங்களோடு வேலை செய்கிறார்.

சின்னக் கூட்டத்துக்கு ஒரு நோய் உண்டு: அழைப்பாளர் பட்டியல் வருஷா வருஷம் மாறாது. ஒருவரை ஒருவர் ஏற்கெனவே தெரிந்த முப்பது பேர் கூடினால் அது கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பிரிவுத் தலைவர் அறையில் இருந்தால், பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் டாக்டர் வாயைத் திறக்கமாட்டார். ஒரு கூட்டத்தில் முதல் நாள் மாலை தலைவர்களைத் தனியாக வேறு அறையில் உட்கார வைத்துப் பார்த்தோம். இளையவர்கள் அறையில் பேச்சு பத்து மணிவரை ஓடியது. தலைவர்கள் அறையில் எட்டு மணிக்கே டின்னருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஒரே ஆய்வை எல்லோரும் சேர்ந்து செய்வது

கூட்டம் போடாமல் நேரே வேலையில் இறங்குவது நான்காவது வழி. இதற்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம்.

2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆய்வு தொடங்கியது. பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவமனை உள்ளிட்டவை அதில் சேர்ந்தன. கேள்வி எளிமையானது. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தால் போதுமா? சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். பார்ப்பவர் டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற நர்ஸ். ஊராட்சிகளைப் பரிசோதனை நடப்பவை, நடக்காதவை என்று குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் நர்ஸ்களோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது பதிவேடு. மாவட்டத்தில் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் குறித்து வைத்த புற்றுநோய்ப் பதிவேடு அம்பிளிக்கையில் இருந்ததால்தான் அந்த 35 என்ற எண்ணையே சொல்ல முடிந்தது. லியோனில் இருந்த விஞ்ஞானிக்கும் வீட்டு வாசலில் நின்று விவரம் கேட்ட களப்பணியாளருக்கும் கையில் ஒரே படிவம். அவர்கள் இருவரும் ஒரே கான்ஃபரன்ஸ் ஹாலில் உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

இதற்கும் முந்தையது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய். 1984 முதல் அடையாறு, மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து எம்சிபி-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் அதற்கு முன் 20 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குப் பின் 45 முதல் 60 சதவீதம். மருந்தோடு துணைப் பராமரிப்பு மேம்பட்டதும் காரணம். அதே மருந்து, அதே அட்டவணை, இருந்தும் மூன்று ஊர்களிலும் முடிவு ஒன்றாக இல்லை. வந்த குழந்தைகளும் ஒரே மாதிரி இல்லை. ஒரே திட்டத்தைப் பிடித்திருக்காவிட்டால் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது, தனித்தனியாக மூன்று கட்டுரைகள் வந்திருக்கும், அவ்வளவுதான். பின்னாளில் ஐசிக்கிள் என்ற குழு சென்னை, மும்பை, டெல்லி, சண்டிகர், கொல்கத்தா என்று இன்னும் விரிந்த கூட்டு ஆய்வை நடத்தியது.

சரி, இவ்வளவு நல்ல வழி என்றால் எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை? கஷ்டம், அதனால்தான். எப்படிப்பட்ட கஷ்டம் என்று எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நாங்களும் இன்னொரு மருத்துவமனையும் வாய்ப் புற்றுநோய் நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்க்க முயன்றோம். இரண்டு எக்ஸெல் ஷீட். இரண்டிலும், கட்டி எவ்வளவு பெரியது என்பதைக் குறிக்கும் டி-2 என்று ஒரு வகை. ஒட்டினால் முடிந்தது என்று நினைத்தோம். நோயின் கட்டத்தைத் தீர்மானிக்கும் விதிமுறையின் எட்டாம் பதிப்பு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வாய்ப் புற்றுநோயில் கட்டியின் அகலம் மட்டும் போதாது, திசுவுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எங்கள் ஷீட் புதிய கணக்கு, அவர்களுடையது பழையது. இரண்டு டி-2-வும் ஒன்றல்ல. பழைய ரிப்போர்ட் பலவற்றில் ஆழமே எழுதப்படவில்லை. அப்புறம் என்ன செய்வது? அலமாரியிலிருந்து பழைய கண்ணாடி ஸ்லைடுகளைத் தட்டுத் தட்டாக இறக்கி, ஓபி முடிந்த மாலைகளில் பெத்தாலஜி மேடம் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்து மறுபடி அளந்தார். சில ஸ்லைடுகளில் சாயம் வெளுத்துப் போயிருந்தது. திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கைத் தேடி எடுத்துப் புதிதாக வெட்டவேண்டியிருந்தது.

அது தீர்ந்தபின் தேதி. நோய் கண்டறிந்த நாள் என்ற கட்டத்தில் ஒருவர் பயாப்சி எடுத்த நாளைப் போட்டிருந்தார், ஒருவர் ரிப்போர்ட் வந்த நாளை, மூன்றாமவர் நோயாளி முதலில் பதிவு செய்துகொண்ட நாளை. எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்று எண்ணுவது அந்த நாளிலிருந்துதான். மூன்று வாரம் இங்கே அங்கே போனால் சில நோய்களில் முடிவே மாறிப்போகும்.

இதற்கு மேல் காகித வேலை. ஒவ்வொரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியும் தனித்தனியாகப் பார்க்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பல மையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்குப் பொதுவான பரிசீலனையை அனுமதிக்கிறது. இருந்தும் தங்கள் கமிட்டி பார்க்காமல் விட யாருக்கும் மனசு வராது. வெளிநாட்டுக் கூட்டாளி என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போகவேண்டும். சாம்பிள் ஊர் தாண்டினால் அதற்கு ஒப்பந்தம், ட்ரை ஐஸ், வழியில் உருகாமல் போய்ச் சேருமா என்ற கவலை. கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற சண்டையை நான் இன்னும் தொடவே இல்லை. அதை முதல் வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடிவு வந்தபின் பேசினால் நட்பும் போகும், கட்டுரையும் போகும்.

பெரிய ஆய்வில் சின்னப் பங்கு எடுத்துக்கொள்வது இதிலேயே கொஞ்சம் சுலபமான கிளை. சர்வதேசப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பு 2008-இல் தொடங்கியபோது நாடுகள் ஆளுக்கொரு புற்றுநோயை எடுத்துக்கொண்டன. இந்தியா எடுத்தது நம் ஊர்ப் புகையிலைப் பழக்கம் கொண்டுவரும் ஈறு-கன்னப் புற்றுநோயை. மேற்கு வங்காளத்தின் கல்யாணி நகரில் இருக்கும் மரபணு நிறுவனமும் நவி மும்பையில் இருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி மையமான ஆக்ட்ரெக்கும் சேர்ந்து 110 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டன. நம்மைப் போன்றவர்களுக்கு நுழைய எளிதான வாசல் தேசிய புற்றுநோய் கிரிட். 2012-இல் தொடங்கியது, இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. உறுப்பினராக இருந்துகொண்டு மெயில்களைப் படிக்காமல் விடுகிற மருத்துவமனைகளும் அதில் உண்டு. நாங்களும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தோம்.

ஆள் மாற்றிக்கொள்வது

ஜூம் பற்றி ஒரு வரி. கஷ்டமான நோயாளி ஒருவரைப் பற்றி நான்கு ஊர் டாக்டர்கள் சேர்ந்து முடிவெடுக்க, ஆன்லைன் ட்யூமர் போர்டு அருமையான ஏற்பாடு. முகம் தெரியாத இருவர் அதில் கூட்டாளி ஆனதை நான் பார்த்ததில்லை.

அதைவிட மலிவானது, யாரும் யோசிக்காதது, லேப் டெக்னீஷியனையோ டேட்டா என்ட்ரி பார்ப்பவரையோ இரண்டு வாரம் கூட்டாளி மருத்துவமனைக்கு அனுப்புவது. ரயில் டிக்கெட்டும் ஹாஸ்டல் அறையும்தான் செலவு. எங்கள் டெக்னீஷியன் போய்வந்தபின்தான், அறுவை அரங்கிலிருந்து கட்டி வெளியே வந்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் விழும் நேரத்தை அங்கே ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் எழுதியதே இல்லை. கட்டி வெளியே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆய்வுக்குத் தேவையான அதன் ஆர்என்ஏ என்ற மரபணு மூலக்கூறு சிதைந்துகொண்டிருக்கும் என்று பேராசிரியர்களுக்குத் தெரியும்தான். அரங்கின் வாசலில் டப்பாவோடு நிற்பவரிடம் யாரும் சொல்லவில்லை.

எதற்கு எது

புதிதாக ஆராய்ச்சி தொடங்கும் இடம், யாரையும் தெரியாது என்றால், கிரெடோ போன்ற ஒரு பட்டறைக்கு இருவரை அனுப்புங்கள். பெரிய கூட்டம் அப்புறம். நல்ல சாம்பிளும் பதிவேடும் இருந்து, ஆய்வகத் திறமை இல்லை என்றால், முகாமை விட்டுவிட்டு நேரே கூட்டு ஆய்வுக்குப் போகலாம். உங்களிடம் இருப்பது மற்றவர்களுக்குத் தேவை. ஆய்வகம் இருந்து நோயாளிகள் இல்லாத கல்லூரிகள் பெரிய கூட்டத்தில் தேடுவதைவிட, பக்கத்து அரசு மருத்துவமனையின் பெத்தாலஜி அறையில் போய் டீ குடிப்பது மேல். ஒரு மருத்துவமனையின் பெயரை நாலு பேருக்குத் தெரிய வைப்பதுதான் நோக்கம் என்றால் கான்ஃபரன்ஸ் நடத்தலாம், அதில் தப்பில்லை. அதைக் கூட்டு ஆராய்ச்சி என்ற கணக்கில் எழுதாமல் இருந்தால் போதும்.

நாங்கள் எடுத்த முடிவு: பணத்தில் பெரும்பகுதி இன்னும் இரண்டு மருத்துவமனைகளோடு வாய்ப் புற்றுநோய் பற்றிய கூட்டு ஆய்வுக்கு. அதன் தொடக்கமாக ஏற்காட்டில் மூன்று நாள். ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் ஒரு டாக்டர் வந்தால் கூடவே டேட்டா பார்ப்பவரும் டெக்னீஷியனும் கட்டாயம் வரவேண்டும். டெக்னீஷியன்கள் வருஷத்துக்கு இருமுறை இடம் மாறுவார்கள். ஒரு மாணவர் வெளிநாட்டுக் கூட்டத்துக்கு, ஐந்து மெயிலோடு. அறுவை சிகிச்சைப் பிரிவுத் தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏற்காட்டில் குத்துவிளக்கு ஏற்றலாம் என்று சமாதானம் செய்திருக்கிறோம். ஃப்ரீசரை நன்கொடைக் கணக்கில் வாங்க முடியவில்லை, மருத்துவமனை வேறு கணக்கில் கொடுத்தது. மின்தடைக்கு ஜெனரேட்டர் இணைப்போடு வேண்டும் என்று மேடம் கேட்டு அதையும் வாங்கிவிட்டார்.

இப்போது பொதுப் படிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் கட்டம், நோய் கண்டறிந்த நாள். மூன்று மருத்துவமனைகளும் அதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மறுபடி பேசுகிறோம்.